ஆறாம் வகுப்புக்கு எந்தக் கிறிஸ்தவப் பள்ளி? பாளையங்கோட்டைப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் வண்ணார்பேட்டையிலிருந்து ஹைகிரவுண்ட் வரை போய்ப் பாருங்கள். பலகைகள் முளைத்திருக்கும். மேலே ‘தேவனுக்கே மகிமை’, நடுவில் வரிசையாக முகங்கள், கீழே கொட்டை எழுத்தில் மதிப்பெண். மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, பலகைக்காரர்கள் நிறுத்தவில்லை. ‘பள்ளியில் முதலிடம்’, ‘கணிதத்தில் நூற்றுக்கு நூறு இத்தனை பேர்’ என்று வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 500-க்கு 240 எடுத்துத் தேறிய பிள்ளையால் தேவனுக்கு மகிமை உண்டா என்பது மட்டும் எந்தப் பலகையிலும் இருக்காது.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று உறவினர்களும் சபையில் அறிந்தவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சார்பு இருக்கத்தான் செய்யும், கழித்துக்கொண்டு படியுங்கள். “பக்தியும் வேண்டும் சார், படிப்பும் வேண்டும். இரண்டும் எங்கே கிடைக்கும்?” என்பதுதான் பெரும்பாலோர் கேட்பது. பக்தி கூடினால் படிப்பு குறையும், படிப்பு கூடினால் பக்தி குறையும் என்று நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். எதைச் செய்தாலும் மனிதருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினார். அந்த வசனத்தைச் சுவரில் எழுதி வைத்த பள்ளியில், ஒழுங்காகத் திருத்திக் கொடுத்த நோட்டும் ஜெபத்தில்தான் சேரும். ஆகவே காலை ஜெபம் எத்தனை நிமிடம் என்று நான் பார்ப்பதில்லை. சுமாராகப் படிக்கிற பிள்ளையைப் பள்ளி என்ன செய்கிறது என்று பார்ப்பேன். பக்தி, படிப்பு இரண்டின் தரமும் அங்கே ஒருசேரத் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் தேர்ந்தெடுப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் பள்ளிகள் அதிகமாக இருப்பது. 1785-இல் கிளாரிந்தா கட்டிய ஆலயம், 1820-இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் ஊர் ஊராகத் திறந்த பள்ளிகள், இந்தியாவுக்கு வராமலேயே இங்கிலாந்திலிருந்து பெண்கல்விக்குப் பணம் திரட்டிய சாரா டக்கர், 1923-இல் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கிய கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையார் என்று வரிசை நீளும். அவர்களுடைய பெரிய சாதனை, திண்ணைப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க விடாத சாதிப் பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் பெஞ்சில் உட்காரவைத்தது. இன்று பள்ளிகளை ஒப்பிடும்போதும் அதை மறக்காமல் இருப்பது நல்லது.

முதலில், அரசு உதவிபெறும் பழைய பள்ளி. சி.எஸ்.ஐ. திருமண்டலமோ கத்தோலிக்க மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்தும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும். தமிழ்வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல், சத்துணவு, பஸ் பாஸ், மேல்நிலை வகுப்பில் சைக்கிள் எல்லாம் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இப்போது இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டுமே. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். ‘அரசுச் சம்பளம்தானே, அரசுப் பள்ளி மாதிரிதானே’ என்று நம்பிச் சேர்த்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் திகைத்த பெற்றோரை எனக்குத் தெரியும். டாக்டர் கனவு உள்ள ஏழைக் குடும்பம் இதை ஆறாம் வகுப்பிலேயே யோசித்தாக வேண்டும். அதே வளாகத்தில் ஆங்கிலவழிப் பிரிவு என்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் சுயநிதி, அதாவது அரசு உதவியில்லாமல் கட்டணத்தில் நடப்பது. ஒரே கூரை, ஒரே மணி என்றாலும் கட்டணம் வேறு, ஆசிரியர் சம்பளமும் வேறு. எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளிகளின் பலம் ஆசிரியர்கள்தான். நிரந்தர வேலையில் இருப்பவர் ஒரே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருப்பார். எந்த இடத்தில் பிள்ளை வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அண்ணனுக்குப் பாடம் நடத்தியவர் தம்பிக்கும் நடத்துவார். வீட்டு நிலைமை தெரிந்து பேசுவார். அப்புறம் அந்த மைதானங்கள். வேப்பமர நிழலில் பேண்டு வாத்தியப் பயிற்சி நடக்கும் பள்ளி மைதானம் என்ன தரும் என்பதை மதிப்பெண் பட்டியலில் எழுத முடியாது. பலவீனமும் ஊரறிந்தது: ஓய்வு பெற்றவர் இடம் சீக்கிரம் நிரப்பப்படாது, நிர்வாகம் சொற்பச் சம்பளத்துக்கு ஆள் போட்டு ஓட்டும், வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். நிர்வாகத் தேர்தல், நியமனம் என்று சபை அரசியல் ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டால் வகுப்பறை வாடிவிடும்.

பக்தி? அங்கே அது பழக்கமாக இருக்கிறது. காலைக் கூட்டத்தில் ஜெபம், திருக்குறள், செய்தி வாசிப்பு. கத்தோலிக்கப் பள்ளியானால் மாத முதல் வெள்ளி திருப்பலி, டிசம்பர் 3-ஆம் தேதி சவேரியார் திருவிழா. வாரத்தில் ஒரு பீரியட் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியோ வேதபாடமோ, மற்றவர்களுக்கு நீதிபோதனை. பழக்கம் என்பதால் சிலசமயம் உயிரில்லாமலும் போகும். பெயர் வேண்டாம், ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் கால அட்டவணையைப் பார்த்தேன். புதன்கிழமை மூன்றாம் கட்டத்தில் அச்சில் ‘வேதபாடம்’ என்று இருந்தது. அதன்மேல் பென்சிலால் ‘கணக்கு – 10 அ’. பக்கத்தில் ‘விளையாட்டு’ என்ற கட்டத்திலும் அதே பென்சில், ‘இயற்பியல்’. ஜனவரிக்குப் பிறகு எந்தப் பீரியடை முதலில் தியாகம் செய்கிறார்கள் என்பது பள்ளியின் விசுவாச அறிக்கை மாதிரி. கணக்கு ஆசிரியனாக அந்தப் பென்சிலை நானும் பிடிக்க ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

நல்ல காலத்தில் இந்தப் பள்ளி எப்படி இருக்கும் என்பதற்கு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியைச் சொல்வேன். ராமேஸ்வரத்திலிருந்து வந்த முஸ்லிம் பையன் ஒருவனுக்கு அங்கே அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் கிடைத்தார். நீ விரும்பினால் உன்னால் முடியும் என்ற எண்ணத்தை அந்தப் பையனுக்குள் ஊன்றினார். பையன் அடுத்து திருச்சி தூய வளனார் கல்லூரிக்குப் போனான், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானான். அப்துல் கலாம் கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார், அந்த ஆசிரியரையும் கடைசிவரை மறக்கவில்லை.

இரண்டாவது, சுயநிதி மெட்ரிக் அல்லது சிபிஎஸ்இ பள்ளி. வாசலில் அதே சிலுவை, பெரும்பாலும் அதே நிர்வாகம். உள்ளே போனால் உலகம் வேறு. மெட்ரிக் என்றால் தனிப் பாடத்திட்டம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்தபின் உதவிபெறும் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடம் ஒன்றுதான், மொழிதான் வேறு. அப்படியானால் எதற்குப் பணம் கட்டுகிறோம்? ஆங்கிலம், சிறிய வகுப்பு, பள்ளி வேன், கண்டிப்பு, அடிக்கடி தேர்வு. இவற்றுக்கு விலை உண்டு, தப்பில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தொகை நிர்ணயித்திருக்கும். அந்தத் தொகையையும் கையில் தரும் ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசீதில்லாத ‘கட்டட நிதி’ கேட்டால், அது எந்தப் புனிதரின் பெயரில் இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

தனியார் பள்ளியில் இலவசமாகச் சேர கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்த அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு தரும் உரிமை அது, விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஏழைப் பிள்ளைக்கு இடம் தரச் சட்டம் வற்புறுத்தாத பள்ளிதான் ஏழைகளுக்கு நற்செய்தி சொல்ல வந்தவரின் பெயரில் நடக்கிறது. சில பள்ளிகள் சத்தமில்லாமல் கட்டணத்தைக் குறைத்து ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. எத்தனை பேருக்கு என்று கேட்டால் தாளாளர் தயங்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

சுயநிதிப் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் குறைவு. நல்ல இளைஞர்கள் போட்டித் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்கு மூன்று வருடத்தில் மூன்று கணக்கு ஆசிரியர்கள் வருவதும் உண்டு. அந்தக் குறையை நிர்வாகம் தேர்வுகளால் மூடுகிறது: வாரத் தேர்வு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு. போட்டியே கிறிஸ்தவத்துக்கு ஆகாது என்று சொல்லும் சாமியார்களும் இருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இயேசு சபையார் 1599-இல் தங்கள் பள்ளிகளுக்கு ஒரு கல்வித் திட்டம் வகுத்தார்கள். அவர்களுடைய வகுப்புகளில் மாணவர்களை ரோம், கார்த்தேஜ் என்று இரண்டு அணியாகப் பிரித்து மோதவிடும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் டான் போஸ்கோ என்ற இத்தாலியக் குரு வேறு பாதை எடுத்தார்: அறிவு, இறைப்பற்று, அன்பு என்ற மூன்றில் பிள்ளையை நடத்தினால் தண்டனையே தேவைப்படாது என்றார். இரண்டுமே கத்தோலிக்கக் கல்விதான், இரண்டிலும் மேதைகள் வந்திருக்கிறார்கள். போட்டியில் தோற்ற பிள்ளைக்கு நாளை காலையும் அதே பெஞ்சில் இடம் இருக்குமா என்பதுதான் என் கவலை.

ஒன்பதாம் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பலகை வேண்டுமென்றால் கத்தி வைக்கக் கிடைக்கும் ஒரே இடம் ஒன்பதாம் வகுப்பு. ஏப்ரலில் அப்பாவையும் அம்மாவையும் அழைப்பார்கள். “உங்கள் பிள்ளைக்கு இங்கே சரிப்படாது, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் சேருங்கள், ஃபெயில் என்று போடாமல் தருகிறோம்” என்று அன்பொழுகச் சொல்வார்கள். சில இடங்களில் சொல்வதற்கு முன் ஜெபமும் செய்வார்கள். அப்படி வெளியேறிய பிள்ளைகள் ஜூன் மாதம் எங்கள் பள்ளி வாசலில் நின்றார்கள். தலை நிமிராத பதினாலு வயதுப் பிள்ளைகள். பகு எண், பகா எண் தெரியாதவர்கள் அல்லர். ‘உன்னால் முடியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்பட்டவர்கள். அவர்களில் பலர் எங்களிடம் தேறினார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் படம் மாட்டிய அறையில், நூறு சதவீதத்துக்காக ஓர் ஆட்டைத் துரத்துகிற வேலை நடக்கிறது.

ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் இரண்டு எண்களைக் கேளுங்கள். போன வருடம் ஒன்பதில் எத்தனை பேர், இந்த வருடம் பத்தில் எத்தனை பேர்? ஒன்பதில் 120, பத்தில் 96 என்றால் அந்த 24 பேர் எங்கே என்று கேட்கலாம். ஊர் மாற்றலாகிப் போனவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அதற்குமேல் இருக்காது. பதிலைச் சொல்ல மறுக்கும் பள்ளியும் ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. இதேபோல் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார்களா என்றும் கேட்க வேண்டும். பதினொன்றைத் தாவிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைத்த பள்ளிகளை மடக்கத்தான் 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய வியாதி திரும்பும் என்பது என் கணிப்பு. நடத்தாத பாடத்தை நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதும் பள்ளி, வேதபாடத்தில் நேர்மையைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கும்?

மூன்றாவது வகை இப்போது பெருகி வருகிறது: தனிச் சபையோ விசுவாசக் குடும்பமோ அறக்கட்டளை வைத்து நடத்தும் சிறிய ஆங்கிலவழிப் பள்ளிகள். வேதவசன மனப்பாடம், தினமும் ஜெபவேளை, கிறிஸ்தவ ஆசிரியர்கள். முதல்வருக்குப் பள்ளியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். சின்ன வகுப்புகளுக்கு இதைவிடப் பரிவான இடம் கிடைப்பது கடினம் என்பேன். வேலையை ஊழியமாக நினைத்துச் செய்யும் ஆசிரியைகள் உண்மையிலேயே அங்கே இருக்கிறார்கள். ‘ஊழியம்தானே’ என்று சொல்லி அவர்களுக்கு அரைச் சம்பளம் கொடுப்பதும் நடக்கிறது. அது வேறு வகையான பாவம். மேல்வகுப்புக்குப் போகும்போது எச்சரிக்கை தேவை. எந்த வகுப்பு வரை அங்கீகாரம், எப்போது புதுப்பித்தார்கள் என்பதைத் தாளில் பார்க்க வேண்டும். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டில் தூசி படிந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு பாடம். அதை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். ‘தேர்வுக்கு மட்டும் படித்துக்கொள், நம்பாதே’ என்று சொல்கிற இடத்தில் பிள்ளை அறிவியலையும் முழுதாகக் கற்காது; கேள்வி கேட்டால் விசுவாசம் உடைந்துவிடும் என்ற பயத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பரிணாமத்தை ஏற்றுக்கொண்டே பூசை வைக்கும் குருக்களும் பிரசங்கிக்கும் போதகர்களும் எத்தனையோ பேர்.

நான்காவது, பள்ளியில் பக்தியை எதிர்பார்க்காமல், நீட், ஜேஇஇ பயிற்சியோடு சேர்ந்த பெரிய பள்ளியில் போட்டுவிட்டு, விசுவாசத்தை வீட்டுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் விட்டுவிடுவது. கேட்க நேர்மையான ஏற்பாடாகவே இருக்கிறது. குடும்ப ஜெபம் தவறாத வீடுகளில் இது நன்றாகவே நடந்து பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல், அந்தப் பள்ளிகளின் பெரிய தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். முதல் மாதம் ஆராதனைக்கு வராத பிள்ளை, இரண்டாம் வருடம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் வராது. பக்தியை எங்கே விடுவதாகச் சொன்னோமோ அங்கே போக நேரமிருக்காது. பிள்ளைக்குத் தானாகவே மருத்துவம், பொறியியல் மீது வெறி இருந்தால் பதினொன்றாம் வகுப்பில் இந்தப் பக்கம் வரலாம். ஆறாம் வகுப்பிலேயே கொண்டுபோய் அடைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மலை உறைவிடப் பள்ளிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏற்காடு மான்ட்போர்ட் 1917-இல் தொடங்கியது; ஊட்டி ஹெப்ரானும் 1901-இல் உருவான கொடைக்கானல் பள்ளியும் மிஷனரிப் பிள்ளைகளுக்காக உண்டானவை. தரமானவை, ஆனால் கட்டணம் லட்சங்களில். அதைக் கட்ட முடிந்தவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

கிறிஸ்தவர் அல்லாத பெற்றோருக்கு ஒன்று. பாளையங்கோட்டைப் பள்ளிகளில் பாதிக்கு மேல் உங்கள் பிள்ளைகள்தான், தயக்கம் வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளி மதத்தைக் காரணம் காட்டி இடம் மறுக்க முடியாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வற்புறுத்தக் கூடாது என்று சாசனத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. வேண்டாமென்றால் சேர்க்கையின்போதே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நல்ல தலைமையாசிரியர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, பிள்ளையை நீதிபோதனை வகுப்புக்கு அனுப்புவார், அவ்வளவுதான். முகம் சுளித்தால் அந்தப் பள்ளியைப் பற்றிக் கிறிஸ்தவப் பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

சரி, எங்கே சேர்ப்பது? சராசரியாகப் படிக்கிற, ஓடி ஆடுகிற பிள்ளைக்கு நிரந்தர ஆசிரியர்கள் நிறைந்த உதவிபெறும் பள்ளி, தமிழ்வழி. வீட்டில் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் போதும். அந்தப் பள்ளியில் கணக்கு, அறிவியல் பணியிடங்கள் காலியாக இருந்தால், பெருமை பார்க்காமல் சுயநிதிப் பள்ளிக்குப் போங்கள், ஒன்பதிலும் பத்திலும் எத்தனை பேர் என்ற அந்த இரண்டு எண்களைக் கேட்டுவிட்டு. கூச்ச சுபாவமுள்ள, சீக்கிரம் அழுதுவிடுகிற பிள்ளைக்கு விசுவாசிகள் நடத்தும் சின்னப் பள்ளி எட்டாம் வகுப்பு வரை. பிறகு ஆய்வகமும் மைதானமும் உள்ள இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மருத்துவம்தான் என்று உறுதியாக இருக்கும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளையை, கிறிஸ்தவக் குடும்பமானாலும், நல்ல அரசுப் பள்ளியில் சேர்க்கச் சொல்வேன். 7.5 சதவீதம் சின்ன விஷயமில்லை. விசுவாசத்துக்கு வீடும் சபையும் இருக்கின்றன.

சேர்க்கை விண்ணப்பம் வாங்க மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். மே மாதத்தில் எல்லாப் பள்ளியும் காலியாக, சுத்தமாக, அழகாக இருக்கும். பிப்ரவரியில் ஒரு வேலைநாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் போய், பத்தாம் வகுப்பு பின்பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.